சாக்லேட் பீநட் பட்டர் ஃபட்ஜ்: ஆறும்வரை கரண்டியைத் தொடாதீர்கள்

ஃபட்ஜ் என்பது சர்க்கரையும் பாலும் காய்ச்சிச் செய்யும், வாயில் கரையும் மெத்தென்ற மிட்டாய். முதல் மூன்று முறையும் எனக்கு அது மணல் மணலாகத்தான் வந்தது. சுவை இருந்தது, ஆனால் நாக்கில் சர்க்கரை நறநறவென்றது. நான்காவது முறைதான் காரணம் பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சர்க்கரை 400 கிராம், இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடர் 30 கிராம், பால் 180 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை அடிகனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் கலந்து மிதமான தீயில் வையுங்கள். பொங்கும், அதனால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். கொதி வரும்வரை கிளறலாம். கொதித்த பிறகு, அடிப்பிடிக்காமல் எப்போதாவது ஒருமுறை மெதுவாகத் துழாவினால் போதும். ஓரங்களில் ஒட்டிய சர்க்கரையை ஈரமான பிரஷ்ஷால் வழித்து உள்ளே இறக்கிவிடுங்கள்.

பாகு 114 டிகிரி செல்சியஸ் வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோலத்தான்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். 'டங்' என்று சத்தம் வந்தால் அது கடலை மிட்டாய்ப் பதம், ஃபட்ஜுக்கு ஆகாது. ஆனாலும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கோகோ கலந்த பாகில் கண்ணால் பதம் பிடிப்பது கஷ்டம்.

இப்போதுதான் நான் தவறிய இடம். 30 கிராம் வெண்ணெய், 125 கிராம் பீநட் பட்டர், ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் மூன்றையும் மேலே போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கிளறாதீர்கள். பாத்திரத்தை அசைக்கவும் வேண்டாம். சூடாக இருக்கும்போது கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகங்களாக இறுகும். அந்த நறநறப்பு அதுதான். 45 டிகிரிக்கு, அதாவது பாத்திரத்தின் அடியைக் கையால் தாராளமாகத் தாங்கும் அளவுக்கு, இறங்கிய பின் அடித்தால் படிகங்கள் மிக நுண்ணியதாக உருவாகி வெண்ணெய் மாதிரி கரையும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஃபேனுக்கு அடியில் வைக்கலாம், ஃபிரிட்ஜில் வேண்டாம். ஓரம் இறுகி நடு இளகியே இருக்கும்.

அப்புறம் மரக்கரண்டியால் விடாமல் அடியுங்கள். மின்சார பீட்டர் எனக்குப் பிடிக்காது. இறுகும் நேரம் கைக்குத்தான் தெரியும். பளபளப்பு மங்கி, கரண்டி கனக்க ஆரம்பித்ததும் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் உடனே கொட்டிப் பரப்புங்கள். இன்னும் ஒரு நிமிடம் என்று நின்றால் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும்.

பீநட் பட்டர், எண்ணெய் மேலே பிரியாத சாதா வகையே நல்லது. பிரியும் வகை மட்டும்தான் இருக்கிறதென்றால் அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு அளந்து எடுங்கள்.

மணலாகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். 120 மில்லி தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் முழுக்கக் கரைத்து, மறுபடி 114க்குக் கொண்டுவந்து ஆறவிடுங்கள். கடலை கலந்திருப்பதால் இந்த முறை அடிப்பிடிக்கும், கவனம்.

சேர்த்தது: ஊட்டியிலிருந்து ஒரு வாசகி, 114 வரை வைத்தும் கல்லாகிவிட்டது என்று எழுதியிருந்தார். உயரமான ஊரில் தண்ணீரே 100க்குக் கீழே கொதித்துவிடும். ஊட்டியில் ஏறக்குறைய 93தான். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து பாருங்கள். 100க்கு எத்தனை டிகிரி குறைகிறதோ, அதை 114லிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அவருக்கு 107 சரியாக வந்தது.