தாய்லாந்து ரிட்டையர்மெண்ட் விசா: வாங்குறது ஈஸி, வருஷா வருஷம் காப்பாத்துறதுதான் வேலை

50 வயசு முடிஞ்சிருக்கணும், தாய்லாந்து பேங்க்ல உங்க பேர்ல 8 லட்சம் பாட் இருக்கணும். இதைப் பத்திப் பேசுறவங்க முக்காவாசிப் பேர் இதோட நிறுத்திக்கிறாங்க, ஆனா நிறைய பேருக்கு விசா பறிபோறது வாங்கினதுக்கு அப்புறம்தான், அதுவும் அந்த 8 லட்சத்தை எப்போ போட்டோம் எப்போ எடுத்தோம்ங்கிற கணக்குல சறுக்கித்தான். அதனால இந்தப் பதிவுல அந்தக் கணக்குக்குத்தான் நிறைய இடம்.

ஸ்டெப் 1: எந்த விசான்னு முடிவு பண்ணுங்க

ரெண்டு வழி இருக்கு. ஓ-ஏ (O-A) விசாவை ஊர்ல இருந்தே தாய் தூதரகம் மூலமா எடுக்கணும், போலீஸ் கிளியரன்ஸ், மெடிக்கல் சர்டிஃபிகேட், கூடவே ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் கேப்பாங்க. இன்ஷூரன்ஸ் கவரேஜ் 30 லட்சம் பாட் இருக்கணும், 65 தாண்டினவங்களுக்கு அந்த அளவுக்கு பாலிசி கிடைக்கிறதே பெரும்பாடு, கிடைச்சாலும் ப்ரீமியம் பாத்தா தலை சுத்தும். இன்னொன்னு வெறும் நான்-இமிகிரண்ட் ஓ (O), சுருக்கமா நான்-ஓ. முதல்ல 90 நாள் குடுப்பாங்க, அதை அங்கேயே இமிகிரேஷன் ஆபீஸ்ல ஒரு வருஷம் ஒரு வருஷமா நீட்டிச்சுக்கலாம், இதுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்ல. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் நம்ம ஆளுங்களுக்கு சரி. ஆனா விசாவுக்கு கேக்கலங்கிறதுக்காக இன்ஷூரன்ஸே இல்லாம போயிடாதீங்க, பேங்காக் பிரைவேட் ஆஸ்பத்திரி பில்லு விளையாட்டு இல்ல.

டூரிஸ்ட்டா உள்ள போயி அங்கேயே நான்-ஓவா மாத்திக்கவும் முடியும், ஃபீஸ் 2,000 பாட். பாஸ்போர்ட்ல தங்குறதுக்கு அடிச்சுக் குடுத்த ஸ்டாம்ப்ல குறைஞ்சது 15 நாளாவது பாக்கி இருக்கணும், அதனால கடைசி வாரம் வரைக்கும் பீச்ல சுத்திட்டு அப்புறம் போலாம்னு இருக்காதீங்க.

ஸ்டெப் 2: பேங்க் அக்கவுண்ட், பணம்

டூரிஸ்ட் ஸ்டாம்ப்ல அக்கவுண்ட் திறக்க ஒரு பிராஞ்ச்ல முடியாதும்பாங்க, அதே பேங்கோட அடுத்த பிராஞ்ச்ல உக்கார வெச்சு திறந்து குடுப்பாங்க, இதுல லாஜிக் தேடாதீங்க. அக்கவுண்ட் உங்க ஒருத்தர் பேர்ல மட்டும் இருக்கணும், வீட்டுக்காரம்மாவோட ஜாயிண்ட்டா போட்டா பெரும்பாலும் ஒத்துக்க மாட்டாங்க. பணம் வெளிநாட்ல இருந்து வந்ததுங்கிறதுக்கு பேங்க்ல லெட்டர் வாங்கி வெச்சுக்கோங்க.

இந்தியாவுல இருந்து அனுப்புறவங்க ஆர்பிஐயோட எல்ஆர்எஸ், அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற திட்டம், அது வழியாத்தான் அனுப்பணும், வருஷத்துக்கு ஒருத்தருக்கு 2,50,000 டாலர் வரைக்கும் ஓகே. 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு பேங்க்லயே டிசிஎஸ்னு முன்கூட்டியே ஒரு வரி பிடிச்சிடுவாங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ கழிச்சுக்கலாம். 8 லட்சம் பாட்னா 20 லட்சம் ரூபாய்க்கு மேல, அதனால இது கண்டிப்பா உங்களுக்கு வரும், முன்னாடியே கையில சேர்த்து வெச்சுக்கோங்க.

டெபாசிட்டுக்கு பதிலா மாசம் 65,000 பாட் வருமானமும் காட்டலாம், இல்ல வருஷ பென்ஷனையும் டெபாசிட்டையும் கூட்டி 8 லட்சம் காட்டலாம். நம்ம ஊர் பென்ஷன்ல மாசாமாசம் 65,000 பாட் வர்றவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: முதல் எக்ஸ்டென்ஷன்

90 நாள்ல கடைசி 30 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், அந்த அன்னைக்கு பணம் அக்கவுண்ட்ல 2 மாசமா கிடந்திருக்கணும். டிஎம் 7ங்கிற நீட்டிப்பு ஃபாரம், 4க்கு 6 சென்டிமீட்டர் போட்டோ, பாஸ்போர்ட் காப்பி எல்லா பக்கத்துலயும் கையெழுத்து, வீட்டு வாடகை அக்ரிமெண்ட், வீட்டு ஓனர் உங்களைப் பத்தி பதிஞ்ச டிஎம் 30 ரசீது, ஃபீஸ் 1,900 பாட். சில ஆபீஸ்ல வீட்டுக்கு வழி காட்டுற மேப் கூட கேப்பாங்க. முக்கியமா, அப்ளை பண்ற அன்னைக்கு காலையிலயே பேங்குக்குப் போயி 100 பாட்டாவது போட்டு எடுத்து பாஸ்புக்ல அன்னைய தேதியில ஒரு வரி பிரிண்ட் விழ வெச்சிட்டு, பேலன்ஸ் லெட்டரையும் வாங்கிட்டு, அப்புறம் இமிகிரேஷன் போங்க. பழைய தேதி பாஸ்புக்கோட போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

ஸ்டெப் 4: பணத்தோட காலண்டர்

அப்ரூவ் ஆன நாள்ல இருந்து 3 மாசம் 8 லட்சம் அப்படியே இருக்கணும். அதுக்கப்புறம் 4 லட்சம் வரைக்கும் எடுத்து செலவு பண்ணலாம், அதுக்குக் கீழ ஒரு பாட் கூட இறங்கக் கூடாது. அடுத்த அப்ளிகேஷனுக்கு 2 மாசம் முன்னாடி மறுபடி 8 லட்சம் ஆகியிருக்கணும். உதாரணத்துக்கு ஏப்ரல் 10ல அப்ரூவ் ஆச்சுன்னா ஜூலை 10 வரைக்கும் கை வைக்கக் கூடாது. அடுத்த வருஷம் மார்ச் 10ஆம் தேதியே போயி அப்ளை பண்ணப் போறீங்கன்னா ஜனவரி 10க்கே பணம் முழுசா உள்ள இருக்கணும், பிப்ரவரி 10 இல்ல. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, விசா முடியுற தேதியில இருந்து 2 மாசம் பின்னாடி எண்ணிடுறாங்க. ஏடிஎம் கார்டு வருஷ சார்ஜ் கூட இந்த அக்கவுண்ட்ல இருந்து போகும், அதனால 4 லட்சத்துக்கு மேல ஒரு பத்தாயிரம் உபரியா விட்டு வைங்க. முடிஞ்சா 8 லட்சத்தைத் தொடவே தொடாதீங்க, செலவுக்கு வேற அக்கவுண்ட் வெச்சுக்கோங்க, பாதிப் பிரச்சினை அதுலயே தீந்துடும்.

பணம் இல்லாதவங்களுக்கு நாங்க போட்டுக் காட்டுறோம்னு ஏஜெண்ட் வருவாங்க. வேண்டாம், ஃபைல் உங்க பேர்ல, மாட்டினா மாட்டுறது நீங்க.

ஸ்டெப் 5: ஊருக்குப் போறதுக்கு முன்னாடி

ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி உள்ள வர்றதுக்கான அனுமதி, அதை எடுக்காம தாய்லாந்தை விட்டு வெளிய போனா அந்த ஒரு வருஷ எக்ஸ்டென்ஷன் அன்னைக்கே காலி, மறுபடி முதல்ல இருந்துதான். ஒரு தடவைக்கு 1,000 பாட், மல்டிபிள் 3,800. சொந்தக்காரங்க கல்யாணம் சாவுன்னு திடீர்னு கிளம்புற குடும்பம்னா மல்டிபிளே வாங்கிடுங்க. அவசரம்னா சுவர்ணபூமி ஏர்போர்ட்லயும் கவுண்டர் இருக்கு.

இன்னும் சில

90 நாளுக்கு ஒரு தடவை அட்ரஸ் ரிப்போர்ட், டிஎம் 47. 15 நாள் முன்னாடியும் 7 நாள் பின்னாடியும் குடுக்கலாம், ஆன்லைன்லயும் பண்ணலாம், விட்டா 2,000 பாட் ஃபைன். இது விசாவை நீட்டிக்காது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வேலை எதுவும் செய்யக் கூடாது. வருஷத்துல 180 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா அங்க டாக்ஸ் ரெசிடெண்ட், 2024ல இருந்து வெளிநாட்டு வருமானத்தை உள்ள கொண்டு வந்தா வரிக் கணக்குக்குள்ள வரும், ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க. ஊர் பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட் பேங்காக் இந்தியத் தூதரகத்துலயே வாங்கலாம்.

கடைசியா ஒண்ணு, புருஷன் பேர்ல விசா, மனைவி டிபெண்டன்ட்னு போற ஜோடிங்களுக்கு. அக்கவுண்ட் ஒருத்தர் பேர்ல இருக்கிறதால அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பணத்தை எடுக்க அந்த அம்மா தாய் கோர்ட் வரைக்கும் போக வேண்டி வரும், அவங்க விசாவும் அவரோடதையே நம்பி இருக்கும். அதனால போன முதல் வருஷத்துலயே அங்க ஒரு வக்கீல் வெச்சு தாய் மொழியில உயில் எழுதிடுங்க, மனைவிக்கும் 50 ஆயிடுச்சு, பணமும் கையில இருக்குன்னா அவங்களுக்குத் தனி அக்கவுண்ட், தனி விசாவே எடுத்துடுங்க.