எந்த ஆசையைத் துரத்துவது, எதை விடுவது

ஆசை, மன அமைதி ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மனத்தை அலைக்கழிப்பது பெரும்பாலும் ஆசை அல்ல. எது எத்தகையது என்று பிரித்துப் பாராமல் எல்லா ஆசைகளின் பின்னாலும் ஒரே வேகத்தில் ஓடுவதுதான்.

முதல் வேலையாக, மனத்தில் ஓடும் ஆசைகளை அற்பம், பெரிது என்று பாராமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அருகில் தேதியைக் குறியுங்கள். தேதி மிக அவசியம். நான் கேமரா ஒன்றுக்காக ஏங்கிய நாட்களில், ஒரே பக்கத்தில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு மாடல்களை எழுதிவைத்திருந்தேன். அந்த மூன்று தேதிகளும் நண்பர்களின் பயணப் படங்களைப் பார்த்த இரவுகள் என்பது பிறகுதான் உறைத்தது. எனக்கு வேண்டியிருந்தது கேமரா அல்ல, விடுமுறை.

அடுத்து, ஒவ்வோர் ஆசையிடமும் "எவ்வளவு கிடைத்தால் போதும்?" என்று கேளுங்கள். கி.மு. 341இல் பிறந்த கிரேக்க மெய்யியலாளர் எபிக்யூரஸ், ஆசைகளை இயல்பும் தேவையும் உடையவை, இயல்பானாலும் தேவையற்றவை, இரண்டும் அல்லாத வெற்றெண்ணங்கள் என மூன்றாகப் பிரித்தார். பசிக்கு ஓர் அளவில் நிறைவு உண்டு. புகழுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. பதிலை ஓர் எண்ணாகவோ ஒரு செயலாகவோ எழுத முடியவில்லையென்றால், அந்த ஆசையை மூன்றாம் வகையில் சேர்த்துவிடலாம். யாருக்குமே தெரியப்போவதில்லை என்றாலும் இது வேண்டுமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

மிஞ்சியவற்றை ஒரு மாதம் ஆறப்போடுங்கள். ஒன்றை வேண்டுவதும் அதை அனுபவித்து மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு இயக்கங்கள் என்று கென்ட் பெர்ரிட்ஜ் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் முக்கியமாக வேண்டுதலைத் தூண்டுகிறதே தவிர, இன்பத்தைத் தருவதில்லை. ஆகவே ஏக்கத்தின் கடுமையை வைத்து, கிடைத்தபின் வரும் மகிழ்ச்சியை எடைபோட முடியாது.

மாதம் கழிந்தும் நிற்கும் ஆசையைத் தயங்காமல் துரத்துங்கள்; ஆனால் அன்றாட மகிழ்ச்சிகளை அதுவரை ஒத்திப்போடாதீர்கள். 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர், நண்பருடன் பேசுவது போன்ற சிறிய இன்பங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்ததாகத் தெரிவித்தனர். 22 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாதுதான். ஆயினும் கிடைத்தது விரைவில் பழகிப்போவதை நாம் எல்லோரும் அறிவோம். அதனால் இலக்கை எட்டியவுடன் அடுத்த இலக்கை எழுதாமல், சில வாரங்களாவது அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்கள். உழைப்புக்கு உரிய ஊதியம் மறுக்கப்படும்போதும், வீட்டில் மரியாதை கிடைக்காதபோதும் அந்த மருந்தை விழுங்கச் சொல்பவர்களும் உண்டு. அவை ஆசைப் பட்டியலில் சேரவே வேண்டாதவை. உரிமைகளைத் தனித் தாளில் எழுதி, உரியவரிடம் கேளுங்கள்.

கைவிட்ட ஆசைகளின் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். மேலே ஒரு கோடு போட்டு அடித்து, அடித்த தேதியையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.