புது போனில் வாட்ஸ்அப் மெசேஜ் லேட்டாக வந்ததைச் சரிசெய்த விதம்

போன் மாற்றியதில் முதலில் பிடித்தது ஸ்கிரீன்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உச்சி வெயிலில் நின்று பார்த்தாலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கேமரா பரவாயில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். மல்லி விலை போடுகிற வாட்ஸ்அப் குரூப்பில் வரும் மெசேஜ் எல்லாம், ஆப்பைத் திறந்தால்தான் மொத்தமாக வந்து விழுந்தன. முகூர்த்த நாளில் அதற்குள் கிலோவுக்கு 100 ரூபாய் ஏறியிருக்கும்! நெட்டில் குறையில்லை, யூடியூப் தடங்கலில்லாமல் ஓடியது.

ஸ்கிரீன் அணைந்து போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் நெட் வேலையைத் தள்ளிவைக்கும் 'டோஸ்' வசதி, 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்தே இருக்கிறது. சார்ஜ் நிற்க வேண்டுமென்று சில கம்பெனிகள் அதற்கு மேலும் இறுக்கிவிடுகின்றன. என் போன் அந்த ரகம்.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், அதற்குள் பேட்டரி. 'ஆப்டிமைஸ்டு' என்றிருந்ததை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கினேன். ஆப் தானாகவே இயங்கத் தொடங்க விடும் 'ஆட்டோ ஸ்டார்ட்' தனியாக ஒளிந்திருந்தது, அதையும் ஆன் செய்தேன். இப்போது போன் கல்லாப்பெட்டி மேல் கிடந்தாலும் விலை வந்ததும் 'டிங்' என்கிறது.

பேங்க் ஆப்புக்கும் இதையே செய்துவிட்டேன். மற்றதற்கெல்லாம் வேண்டாம், சார்ஜ்தான் வீணாகும்.