பாமினிப் பெயருள்ள கோப்பை லினக்ஸில் அழிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் கல்யாண அழைப்பிதழ் அடித்த கடையிலிருந்து பென் டிரைவில் கோப்புகளை வாங்கி வந்து உபுண்டு லினக்ஸில் போட்டாயிற்று. அதில் ஒன்று மட்டும் அழிய மறுக்கிறது. பெயரைப் பாருங்கள்: ஜேகேபிஓ;.டாக். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளையே தமிழ் உருவில் காட்டும் பழைய எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று தட்டினால் விழும் எழுத்துகள் இவை. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேலுள்ள குற்று.

நமக்குக் குற்று, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கோ 'ஒரு கட்டளை இங்கே முடிந்தது' என்று பொருள். அழிக்கும் கட்டளை ஆர்எம். ஆர்எம் ஜேகேபிஓ;.டாக் என்று அடித்தால் முதலில் ஜேகேபிஓ என்ற கோப்பைத் தேடி அழிக்கப் பார்க்கும், பிறகு .டாக் என்பதைத் தனிக் கட்டளையாக ஓட்டும். அந்தப் பாதிப் பெயரில் உங்களுக்கு வேண்டிய கோப்பு ஏதும் இருந்தால் அதுதான் போகும். ஆகவே அவசரப்படாதீர்கள். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.)

முதலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். 2016க்குப் பிறகு வந்த எல்எஸ், இப்படியான பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டும். அந்தக் குறி பெயரில் சேர்ந்ததல்ல.

அடுத்து, பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்:

ஆர்எம் -ஐ 'ஜேகேபிஓ;.டாக்'

அந்த -ஐ (சிறுகோடும் ஆங்கில எழுத்து ஐயும்) இருந்தால் அழிக்குமுன் உங்களிடம் கேட்கும். புதியவர்கள் அதை விடவே கூடாது. இடைவெளி, அடைப்புக்குறி, நட்சத்திரக்குறி உள்ள பெயர்களுக்கும் இதே வழிதான்.

பெயர் சிறுகோட்டில் தொடங்கினால் மேற்கோள் உதவாது, ஆர்எம் அதைத் தனக்கான விருப்பத்தேர்வு என்றே எடுத்துக்கொள்ளும். முன்னால் ./ சேருங்கள்: ஆர்எம் -ஐ ./-பில்.பிடிஎஃப்

சரி, பெயரே கட்டம் கட்டமாக, தட்டவே முடியாதபடி இருந்தால்? எல்எஸ் -ஐ என்று அடியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் ஐநோட் எண், அதாவது வட்டில் அந்தக் கோப்பை அடையாளம் காட்டும் எண், வரும். 131245 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை வைத்துக் கோப்பைத் தேடுங்கள்:

ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம் 131245

இது எதையும் அழிக்காது, காட்ட மட்டும் செய்யும். நீங்கள் நினைத்த கோப்புத்தானா என்று பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியின் கடைசியில் -டெலீட் சேருங்கள். கடைசியில்தான். -ஐநம்முக்கு முன்னால் போட்டால், எண்ணைப் பார்க்குமுன்பே அந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகள் எல்லாம் போய்விடும்.