பழைய ஆர்15 வாங்கி அன்றாடம் ஓட்ட விரும்புவோருக்கு

யமஹா ஆர்15 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பழையதாக வாங்க எண்ணுவோர், கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடாமல், டயர், செயின், பிரேக் ஆகியவற்றுக்கென ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் 155 சிசி என்ஜினுடன், லீவரை இலகுவாகப் பிடிக்க உதவும் அசிஸ்ட்-ஸ்லிப்பர் கிளட்சும் உண்டு. நெரிசலில் ஓயாமல் கிளட்ச் பிடிக்கும் கைக்கு அதன் அருமை தெரியும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயமானதால், அதற்குப் பிந்தைய வண்டியையே நான் பரிந்துரைப்பேன்.

பார்க்கச் செல்லும்போது, என்ஜினை முன்கூட்டியே சூடாக்கிவைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஆறிய என்ஜின் தயங்காமல் உயிர்பெறுகிறதா, நீலப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். வண்டியைப் போர்த்தியுள்ள வெளி உறையான ஃபேரிங்கின் பளபளப்பை நம்ப வேண்டாம். அதை மாற்றுவது எளிது. ஹேண்டில்பாரின் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் ஆகியவை ஒரே பக்கத்தில் நீளவாக்கில் சிராய்ந்திருந்தால், வண்டி ஓட்டத்தில் விழுந்து சாலையில் இழுபட்டிருக்கக்கூடும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, அது வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) முட்டி நிற்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே நசுங்கலோ புதுப் பெயின்டோ தென்பட்டால், அது பலத்த மோதலின் அடையாளமாக இருக்கலாம்; விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவையும் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பதையும் காட்டி விலையைக் குறைக்கலாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம்.

ஆர்.சி.யிலுள்ள என்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் பதிவாகியிருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. நிலுவை அபராதங்களைப் பணம் கொடுக்குமுன் இணையத்தில் பார்த்துவிடுங்கள். உரிமை மாறிய 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

முந்தைய உரிமையாளர் கழற்றிய பின்புற மட்கார்டையும் சேலை கார்டையும் கேட்டு வாங்கி மீண்டும் பொருத்துங்கள். அம்மாவோ மனைவியோ பின்னால் அமரும் வண்டிக்கு இதைவிட முக்கியமான துணைப்பொருள் எனக்குத் தெரியவில்லை. சத்தமிடும் சைலன்சர் இருந்தால், வண்டியோடு வந்த கம்பெனி சைலன்சரையே மாட்டுங்கள். தாழ்ந்த ஹேண்டில்பாரால் மணிக்கட்டு வலிக்கிறதென்று உடனே அதை உயர்த்தப் புறப்பட வேண்டாம்: கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபட்டால், திருப்பும்போது ஆக்சிலேட்டர் தானாக ஏறக்கூடும். டேங்கின் இருபுறமும் ரப்பர் பிடிப்புப் பட்டைகளை ஒட்டி முழங்காலால் அணைத்து ஓட்டப் பழகினால், உள்ளங்கையில் இறங்கும் பாரம் பெரிதும் குறையும். போனுக்கான சார்ஜரைத் தனி ஃபியூஸுடன் இணையுங்கள். செயினுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த பிறகு கட்டாயமாகவும் செயின் லூப் (உயவு ஸ்ப்ரே) அடியுங்கள். முதல் முறை அடிக்கும்போதே, புதிதாகப் பொருத்தியவற்றின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.