நிஷிகி சந்தைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நிஷிகி சந்தை சுமார் 390 மீட்டர் நீளம். அகலம் 3 முதல் 5 மீட்டர்தான். அந்தக் குறுகலுக்குள், சிவப்பு, மஞ்சள், பச்சைக் கூரையின் கீழ் ஏறத்தாழ 130 கடைகள். 1615இல் மீன் விற்க அரசு அனுமதி பெற்ற இடம். உள்ளூர்ச் சமையற்காரர்கள் இன்றும் இங்கே சரக்கு வாங்குகிறார்கள்; அதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, நடந்துகொண்டே தின்பது. வேண்டாமென்று சந்தைக்காரர்களே கேட்டுக்கொள்கிறார்கள். நெரிசலில் குச்சி அடுத்தவர் மேல் குத்தும், சாறு உடையில் சிந்தும், இருபுறமும் திறந்து வைத்த பண்டங்களில் கை படும். வாங்கிய கடை முன்னாலேயோ உள்ளேயோ நின்று சாப்பிட்டு முடித்து, குச்சியையும் தாளையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். தெருவில் குப்பைத்தொட்டியைத் தேடிப் பயனில்லை.

சைவர்கள் சறுக்கும் இடம் வேறு. தலைக்குள் காடை முட்டை வைத்த குட்டி ஆக்டோபஸ் பார்த்ததுமே தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது தாஷி என்ற சாறுதான். பெரும்பாலும் கட்சுவோ எனும் உலர்மீன் சீவலில் எடுப்பது. முட்டைச் சுருளில் நிச்சயம் இருக்கும். வேகவைத்த காய்கறி, டோஃபு, சில ஊறுகாய்களில்கூட இருக்கலாம். “இறைச்சி இல்லையே?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள், அது உண்மையும்கூட. ஆகவே இப்படிக் கேளுங்கள்: “கட்சுவோ தாஷி வா ஹைத்தே இமாஸ் கா?” (கட்சுவோ தாஷி சேர்ந்திருக்கிறதா?) உப்பில் புளிக்கவைத்த சுகுகி எனும் டர்னிப் ஊறுகாய், வறுத்த கஷ்கொட்டை, கருஞ்சோயா போன்றவை ஓரளவு பாதுகாப்பானவை. ஆனாலும் பொட்டலத்துக்குப் பொட்டலம் கேட்டுவிடுவது நல்லது.

மாலையில் போகாதீர்கள். பல கடைகள் 5, 6 மணிக்கே மூடிவிடும். புதன், ஞாயிறுகளில் சில திறப்பதேயில்லை. காலை 10 மணிக்குள் மேற்கு முனையான தகாகுராவிலிருந்து தொடங்குங்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து கராசுமா சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமான ஷிஜோவில் இறங்கி நடந்தால் போதும். கிழக்கே தெராமாச்சி, ஷின்கியோகோகு என்ற கூரைத்தெருக்கள் இருக்கின்றன. துணிக்கடைகளும் பரிசுப்பொருள் கடைகளும் நிறைந்தவை. அங்கேயே சுற்றிவிட்டு நிஷிகியைப் பார்த்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. கிழக்கு முனையில் நிஷிகி தென்மங்கு கோயிலின் கல் தோரண வாயிலை அண்ணாந்து பாருங்கள்: அதன் இரு நுனிகளும் பக்கத்துக் கட்டடங்களுக்குள் நுழைந்திருக்கும். உள்ளே ஊற்று நீர் குடிக்கலாம், இலவசம்.

கையில் சில்லறை யென் வையுங்கள். அட்டை எடுக்காத சிறு கடைகள் இன்னும் உண்டு. பணத்தைக் கையில் நீட்டாமல் தட்டில் வைப்பது வழக்கம்.

1560இல் தொடங்கிய அரித்சுகு என்ற கடையில் கத்தி வாங்கினால் பெயரும் பொறித்துத் தருவார்கள். கார்பன் எஃகு என்றால் ஒவ்வொரு முறையும் கழுவியவுடன் ஈரமறத் துடைக்க வேண்டும், இல்லையேல் துருப்பிடிக்கும். பொதியைத் தெருவில் பிரிக்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.