பண்ணையில் படம் வரையப் போகிறீர்களா? வரப்பில் ஸ்டாண்டை ஊன்றாதீர்கள்

தை பிறந்துவிட்டால் திருவையாறு, கும்பகோணம் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளுக்கு ஓவியக் குழுக்கள் கிளம்பிவிடுகின்றன. சம்பா அறுவடை நேரம், ஓட்டு வீடு, வைக்கோல் போர், களம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தொப்பி, குடிதண்ணீர் பற்றியெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

களத்தையும் வரப்பையும் சொந்த ஸ்டூடியோவாக நினைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. வீடு பழசு, ஆனால் விவசாயம் இன்றைக்கும் நடக்கிறது. ஒருமுறை களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்த தம்பி, பிரஷ் கழுவிய தண்ணீரைப் பக்கத்திலேயே கொட்டினார். நீலமும் பழுப்புமாக அது நெல்லுக்கு அடியில் ஓடியது. வீட்டுப் பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல், நனைந்த நெல்லைக் கையால் தனியே ஒதுக்கினார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்காகத்தான் வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள். அந்த நெல்லைச் செருப்புக் காலோடு மிதித்தவர்களும் உண்டு.

நடவு சமயத்தில் போனால் வரப்பு. புதிதாகச் சேறு பூசிய வரப்பில் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அழுத்தி ஊன்றுவார்கள். துளை சின்னதுதான். கசிய ஆரம்பித்தால் மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்கிவிடும், போட்ட உரமும் கூடவே போகும். அடுத்த வருஷம் போன் செய்தால், “வேல நடக்குதுங்க, இந்தத் தடவ வேணாம்” என்று வைத்துவிடுவார்கள். நல்ல இடம் ஒன்று போச்சு.

எங்கே நெல் காயும், எந்த வரப்பு கெட்டி என்று முதல் நாளே கேளுங்கள். திண்ணை, வண்டிப்பாதை, மோட்டார் கொட்டகை ஓரம் போதும். வண்ணத் தண்ணீரை மூடி போட்ட டப்பாவில் திரும்ப எடுத்துப்போங்கள். வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள், சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் இருக்கிறது, மாடு குடிக்கிற தண்ணீர் அது.

எல்லாப் பயிருக்கும் ஒரே பச்சை

நாற்றங்காலில் மஞ்சள் கலந்த இளம்பச்சை, தூர் கட்டிய பயிரில் கரும்பச்சை, கதிர் முற்ற முற்றப் பொன்மஞ்சள். ட்யூப் பச்சையை அப்படியே பூசினால் கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் புல் மாதிரி இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து, துளி பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு வண்ணம் சேருங்கள்.

நிழலைக் கடைசிக்குத் தள்ளுவது

ஏழு மணிக்கு ஆரம்பித்து ஓடுகளை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டுப் பத்து மணிக்கு நிழல் போட்டால், வீட்டுக்கு ஒரு வெளிச்சம், வைக்கோல் போருக்கு இன்னொரு வெளிச்சம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிழலின் ஓரத்தை முதலில் பென்சிலில் குறியுங்கள். அப்புறம் சூரியன் எங்கே போனாலும் போகட்டும்.

தாளை நேர்வெயிலில் வைப்பது

வெயிலில் தாள் பளிச்சென்று தெரிவதால் வண்ணத்தை அடர்த்தியாகப் பூசிவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

பனி விலகுமுன் வாஷுக்கு மேல் வாஷ்

வாஷ் என்பது தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூசும் வண்ணம். பனி ஈரத்தில் அது காயாது. டீ குடித்துவிட்டு வாருங்கள்.